கால் ஊன்றும் இடம்

1

வால்டன் குளக்கரையில் தோரோ கட்டிக்கொண்ட குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ செண்ட். கணக்கு அவர் புத்தகத்திலேயே இருக்கிறது. பலகை, கூரைக்கும் பக்கங்களுக்குமான கழிவு மரச்சில்லு, கண்ணாடியோடு இரண்டு பழைய ஜன்னல்கள், ஆயிரம் பழைய செங்கல், சுண்ணாம்பு, ஆணி, கீல், ஒரு செண்ட்டுக்கு வாங்கிய சாக்கட்டி வரை. நீளம் 15 அடி, அகலம் 10 அடி. 1845 மார்ச் கடைசியில் இரவல் கோடரியோடு மரம் வெட்டப் போனவர் அதே வருஷம் ஜூலை 4 அன்று குடியேறினார். 1847 செப்டம்பர் 6 அன்று காலி செய்தார்.

இலக்கியவாதிகளுக்கு இந்தக் குடிசை ஒரு மனநிலை. தனிமை, எளிமை, அங்கிருந்து காந்தி என்று நகர்ந்துவிடுகிறோம். அது எப்படிக் கட்டப்பட்டது, எதன்மேல் நின்றது, அதன் பலகை யாருடையது என்பவை ஏதோ மேஸ்திரியின் கவலைகள் என்பதுபோல. ஆனால் தோரோ எழுதிவைத்தது கணக்கு. கணக்கைக் கணக்காகவே ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

முதல் இனம் பலகை: 8 டாலர் 3½ செண்ட். பெரும்பாலும் குடிசைப் பலகை என்று பக்கத்தில் குறிப்பு. அந்தக் குடிசை ஃபிட்ச்பர்க் ரயில்பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரனுடையது. விலை 4 டாலர் 25 செண்ட். பணம் அன்றிரவே தரவேண்டும், மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர்கள் வெளியேற வேண்டும் என்று ஏற்பாடு. ஆறு மணிக்குப் போன தோரோ காலின்ஸ் குடும்பத்தை வழியில் பார்க்கிறார். படுக்கை, காப்பி அரைக்கும் கருவி, கண்ணாடி, கோழிகள் – பூனையைத் தவிர எல்லாம் அவர்களோடு போகிறது. பூனை காட்டுக்குள் ஓடிப் பிறகு ஒரு பொறியில் சிக்கிச் செத்தது என்பதையும் தோரோ சொல்லாமல் விடவில்லை. குடிசையைப் பிரித்து, ஆணியைப் பிடுங்கி, பலகைகளைச் சிறுவண்டியில் ஏற்றிக் குளக்கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் பரப்பினார்.

காலின்ஸும் தன் குடிசையில் தானேதான் குடியிருந்தான். பாதை போடும் வேலை நகர நகர அந்தத் தொழிலாளர்களின் இருப்பிடமும் நகர்ந்தது. அவனுக்கு அது பரிசோதனை அல்ல. தன் கையால் வீடு கட்டிக்கொள்வதன் சரித்திரத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே காலை வேளையில் ஒரே பாதையில் எதிரெதிரே வருகிறார்கள். நாம் ஒருவரைத்தான் படித்திருக்கிறோம்.

கணக்கில் இல்லாத இனம் ஒன்றும் இருக்கிறது: நிலம். குளக்கரையில் அந்த நிலத்தை 1844-இல் வாங்கியிருந்தவர் எமர்சன். வாடகை இல்லை, பத்திரம் இல்லை, தடுக்க யாரும் இல்லை. நண்பனின் நிலம் என்பதால் 28 டாலரில் வீடு முடிந்தது. இந்தக் கட்டுரை அந்த விடுபட்ட வரியைப் பற்றியது.

2

தோரோவின் வீட்டுக்கு நாம் சொல்லும் பொருளில் அஸ்திவாரம் கிடையாது. சரிவில் 6 அடிச் சதுரத்தில் 7 அடி ஆழத்துக்கு ஒரு நிலவறை தோண்டினார். இரண்டு மணி நேர வேலை என்கிறார். புகைபோக்கிக்குக் குளத்திலிருந்து கல் சுமந்து அடித்தளம் போட்டார். மற்றபடி மரச்சட்டம் தரைமேல் நின்றது. அதனால்தான் அது பின்னால் இடம் மாறிற்று. அவர் போனபின் எமர்சனின் தோட்டக்காரர் கைக்கு வந்தது. 1849-இல் ஒரு விவசாயக் குடும்பம் அதைத் தங்கள் பண்ணைக்குப் பெயர்த்துக்கொண்டு போய் தானியம் கொட்டிவைத்தது. 1868-இல் பிரித்துவிட்டார்கள். நூற்றாண்டு வருஷமான 1945-இல் ரோலண்ட் ராபின்ஸ் தேடித் தோண்டியபோது கிடைத்தது புகைபோக்கியின் கல் அடித்தளம். வீடு நகர்ந்துவிட்டது, அடுப்படி அங்கேயே இருந்தது.

வீடு கட்டும் வேலையில் சாதாரண மனிதனை முதலில் பயமுறுத்துவது அஸ்திவாரம். செங்கல் சுவர் என்று முடிவுசெய்துவிட்டால் சுவரின் நீளம் முழுக்கப் பாரம் இறங்குகிறது. ஆகவே நீளம் முழுக்க வானம் பறிக்க வேண்டும். மனையைச் சமன் செய்ய வேண்டும். மரம் இருந்தால் வெட்ட வேண்டும். கான்கிரீட் போட்டு, கட்டி, ஈரம் ஏறாமல் தடுத்து, தரைமட்டத்துக்கு வருவதற்குள் கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் போயிருக்கும். கைத்தேர்ச்சி உள்ள கொத்தனார் வேண்டும், அவர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் உழைத்தபின்னும் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இருக்காது.

மரச்சட்ட வீட்டில் பாரம் கால்களின் வழியே இறங்குகிறது. கால் நிற்கும் இடத்தில் மட்டும் குழி தோண்டினால் போதும். சிறிய வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு குழிகள். மேல்மண்ணைத் தாண்டி உறுதியான மண் வரும்வரை, குளிர்நாடானால் உறைபனி எட்டாத ஆழம் வரை. பிறகு அதில் கான்கிரீட். கான்கிரீட் வருமுன் அந்த இடத்தில் ஒரு கல். நிலம் சரிவாக இருந்தால் நிலத்தைத் திருத்துவதில்லை, காலின் உயரத்தை மாற்றிக்கொள்கிறோம். மட்டம் பார்க்க நீர் நிரப்பிய ஒரு குழாய் போதும். குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களை நூல் பிடித்து அளந்து இரண்டும் சமமானால் மனை சதுரம். வீட்டுக்கு அடியில் காற்று போய்வருவதால் மரம் ஈரத்தில் இற்றுப்போவதில்லை. இதில் கற்றுக்கொள்ள முடியாத வேலை எதுவும் இல்லை. தவறு செய்தால் அந்த ஒரு குழியைத் திருத்திக்கொள்ளலாம்.

நம் பாஷையில் கம்பத்துக்குப் பெயரே கால்தான். பந்தல்கால், முகூர்த்தக்கால். அஸ்திவாரத்துக்கு வழங்கும் கடைக்கால் என்ற சொல்லிலும் அது இருக்கிறது. சுவரை மனதில் வைத்துப் பிறந்த சொற்களாக இவை எனக்குத் தோன்றவில்லை. சுவர் பின்னால் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

3

தொழில்நுட்பத்தை இவ்வளவு எளிமையாக்கிவிட்டால் மிச்சமிருப்பது நிலமும் அனுமதியும். இங்கிலாந்து, வேல்ஸ் சரித்திரத்தில் இது தெளிவாகத் தெரிகிறது.

வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. பொது நிலத்தில் சூரியன் மறைந்தபின் தொடங்கி விடிவதற்குள் ஒருவன் வீடு எழுப்பி, விடியும்போது அதன் புகைபோக்கியில் புகை தெரிந்தால் வீடு அவனுக்குச் சொந்தம். வாசலில் நின்று கோடரியை வீசினால் அது விழும் தூரம் வரை நிலமும் சொந்தம். 'ட்டீ உன்னோஸ்', ஓரிரவு வீடு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. ஆனாலும் ஜனங்கள் நம்பினார்கள், கட்டினார்கள். சட்டமில்லாதவன் தனக்கென்று ஒரு சட்டத்தைக் கற்பனை செய்கிறான். அதில் பட்டா, பணம், பரம்பரை எதுவும் இல்லை. ஓர் இரவின் உழைப்பும் அடுப்பில் நெருப்பும்தான் சாட்சி. அண்டை வீட்டார் கைகொடுக்காமல் ஓரிரவில் வீடு எழும்பாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த உரிமையை ஒருவன் தனியாக நிலைநாட்ட முடியாது.

இரண்டாவது சந்தர்ப்பம் பொருளாதாரத்தில் வந்தது. 1870-களுக்குப் பிறகு இங்கிலாந்தில் தானிய விலை விழுந்தபோது எஸ்ஸெக்ஸின் கெட்டிக் களிமண் நிலங்களை வாங்க ஆள் இல்லை. தரகர்கள் அவற்றைத் துண்டுபோட்டுச் சில பவுண்டுகளுக்கு ஏலம் விட்டார்கள். கிழக்கு லண்டன் தொழிலாளர்கள் வாங்கினார்கள். சனி ஞாயிறுகளில் கூடாரம் போட்டுத் தங்கி, பழைய பலகை, பழைய ரயில் பெட்டி, ட்ராம் பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வீடு சேர்த்தார்கள். முதலில் விடுமுறைக் குடில், பின்னால் அதுவே நிரந்தர வீடு. ரோடு இல்லை, சாக்கடை இல்லை. நிலவனப்பு கெட்டுப்போகிறது என்று படித்தவர்கள் பத்திரிகைகளில் வருத்தப்பட்டார்கள். அழகியல் வருத்தத்துக்குள் வர்க்க வருத்தம் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

1947-இன் நகர, கிராமத் திட்டச் சட்டத்தோடு இது முடிவுக்கு வந்தது. நிலம் உன்னுடையதானாலும் கட்டும் உரிமை அரசாங்கத்துடையது என்றாயிற்று. 1949-இல் பாஸில்டன் புதிய நகரமாக அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரத்துக் குடில்கள் வருஷக்கணக்காக ஒவ்வொன்றாகக் கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. திட்டமிடுபவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கியபோது கான்வீ தீவில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களும், ஜேவிக் கடற்கரைக் குடியிருப்பில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். இரண்டும் இப்படித் தாழ்ந்த நிலத்தில் மலிவாக வளர்ந்த இடங்கள். லேசான வீட்டைப் புகழ்ந்து எழுதுபவன் அந்த இரவை விட்டுவிட்டு எழுதக்கூடாது. மலிவாகக் கிடைத்த நிலம் ஏன் மலிவாக இருந்தது என்பதற்குத் தண்ணீர் பதில் சொல்லிற்று.

4

வால்ட்டர் சீகல் 1907-இல் பெர்லினில் பிறந்தவர். தந்தை ஆர்தர் சீகல், ருமேனியாவிலிருந்து வந்த யூத ஓவியர். முதல் யுத்தம் தொடங்கியதும் குடும்பம் ஸ்விட்ஸர்லாந்தின் அஸ்கோனாவுக்குப் போயிற்று. அதன் மேலே மோன்டே வெரிட்டா குன்று. 1900-இல் சிலர் அங்கே சொத்தையும் இறைச்சியையும் துறந்து, காற்றும் வெளிச்சமும் புகும் மரக்குடில்கள் கட்டிக்கொண்டு வாழ ஆரம்பித்திருந்தார்கள். அனார்க்கிஸ்டுகள், நடனக்காரர்கள், ஓவியர்கள், கவிகள் என்று வருபவர்களுக்குக் குறைவில்லை. இந்தச் சூழலில் வளர்ந்த பையன் கொள்கைகளைவிடக் குடில்களை நன்றாகக் கவனித்திருக்க வேண்டும். பின்னால் அவர் எந்தக் கலை இயக்கத்திலும் சேரவில்லை. 1932-இல் அஸ்கோனாவிலேயே தந்தையின் புரவலர் ஒருவருக்காக ஒரு சிறிய மரவீடு கட்டினார். பெயரே 'சின்ன வீடு'தான்: லா காஸா பிக்கோலா. நாஜிகள் வந்தபின் 1936-இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த முப்பது வருஷம் பேர் சொல்லும்படியான பெரிய கட்டடம் எதுவும் இல்லை. 1960-களின் முற்பாதியில் ஹைகேட்டில் இருந்த சொந்த வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அதுவரை குடும்பம் தங்கத் தோட்டத்தின் கோடியில் ஒரு தற்காலிக வீடு போட்டார். சுமார் 800 பவுண்ட், இரண்டு வார வேலை. நடைபாதைக்குப் போடும் கான்கிரீட் பலகைகளைத் தரையில் பதித்து அவற்றின்மேல் மரக்கால்களை நிறுத்தினார். அஸ்திவாரம் என்று தோண்டியது அவ்வளவுதான். பலகைகளையும் தகடுகளையும் கடையில் விற்கும் அளவிலேயே, அறுக்காமல், போல்ட் போட்டு முடுக்கினார். வேலை முடிந்ததும் பிரித்து விற்றுவிடலாம் என்பது எண்ணம். பிரிக்கவில்லை. பெரிய வீடு கட்டி முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் தற்காலிக வீடு அங்கேயே நின்றது. பார்க்க வந்தவர்கள் பெரிய வீட்டை விட்டுவிட்டு இதைப் போல ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள்.

இந்த முறையை அவர் அடுத்த வீடுகளில் திருத்திக்கொண்டே போனார். 600 மில்லிமீட்டர் அகலத் தகடு, இடையில் 50 மில்லிமீட்டர் இணைப்பு, மறுபடி தகடு. வீடு முழுவதும் இந்தக் கட்டத்துக்குள் அடங்கும். கூரையும் தளமும் கால்களில் நிற்பதால் எந்தச் சுவரும் பாரம் தாங்குவதில்லை. சுவரை நாளைக்கு நகர்த்திக்கொள்ளலாம். செங்கல் அடுக்கல், சாந்துப் பூச்சு போன்ற ஈர வேலைகளே இல்லை. வரைபடம் என்பது ஒரு சில தாள்கள், கூடவே வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். 1845-இல் எழுதப்பட்ட பட்டியலுக்கு நெருங்கிய உறவு அது. வாசகன் கட்டடக்கலை தெரிந்தவனாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கலைஞன் தன் கலையின் ரகசியங்களைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் தான் தேவைப்படாத இடத்துக்கு வந்து நிற்பது நம் காலத்தில் அபூர்வம்.

5

தென்கிழக்கு லண்டனில் லூயிஷம் நகராட்சியிடம் சில மனைகள் சும்மா கிடந்தன. செங்குத்துச் சரிவு, மோசமான மண், நிறைய மரம். வழக்கமான முறையில் அங்கே கட்டினால் அஸ்திவாரச் செலவு கட்டுப்படியாகாது. வீட்டுக்குக் காத்திருப்பவர் பட்டியலோ நீளம். சீகலின் நண்பரான அனார்க்கிஸ்ட் எழுத்தாளர் காலின் வார்ட், நகராட்சிக் கட்டடக்கலைப் பிரிவிலிருந்த பிரையன் ரிச்சர்ட்சன், கவுன்சிலர் நிக்கலஸ் டெய்லர் போன்றவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1976-இல் கவுன்சில் தீர்மானம் நிறைவேறியது – ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்.

அந்த வருஷக் கோடை இங்கிலாந்தில் கடும் வறட்சி. லண்டனின் களிமண் தண்ணீரை இழந்து சுருங்க, மரங்களின் வேர்கள் மிச்சத்தையும் உறிஞ்ச, ஏராளமான செங்கல் வீடுகள் விரிசல் விட்டன. நீண்ட அஸ்திவாரத்தின் ஒரு முனை மட்டும் இறங்கினால் அதன்மேல் நிற்கும் சுவர் கீறிக்கொள்ளத்தான் வேண்டும். இதற்குப் பிறகு மரங்களுக்கு அருகே அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாகப் போட வேண்டும் என்று விதிகள் இறுகின. போல்ட் போட்ட மரச்சட்டம் இந்தச் சிறு அசைவுகளை வளைந்து வாங்கிக்கொள்ளும். காலுக்கு ஒரு குழி என்பதால் வேர்களுக்கு நடுவில் இடம் தேடலாம். ஆனால் காகிதத்தில் இல்லாத முறையைக் காகிதம் ஏற்பதற்கு நேரம் பிடிக்கிறது. கடன், குத்தகை, அனுமதி எல்லாம் சரியாகி முதல் குழி தோண்டியது 1979-இல். இரண்டு வாரத்தில் எழும்பக்கூடிய வீடு மூன்று வருஷம் மேஜைமேல் கிடந்தது.

முதல் கட்டத்தில் 14 குடும்பங்கள். காத்திருந்தவர்களிலிருந்து குலுக்கலில் வந்தவர்கள். கையில் முதல் வேண்டியதில்லை, முன் அனுபவமும் வேண்டியதில்லை. மாலை வகுப்புகளில் சீகல் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு மணி நேரம் எல்லோரும் உழைக்க வேண்டும் என்ற கட்டாயம் வைக்கவில்லை. அவரவர் வீட்டை அவரவர் வேகத்தில் கட்டலாம், விரும்பினால் மற்றவருக்கு உதவலாம். குழியைக் கையாலேயே தோண்டினார்கள். சட்டங்களைத் தரையில் படுக்கவைத்துப் பூட்டி, ஒரு நாளில் பல பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். தோரோவும் 1845 மே மாதம் சட்டம் நிறுத்த நண்பர்களைக் கூப்பிட்டார். தனிமையின் அந்தச் சின்னத்தைத் தூக்கி நிறுத்தியதும் ஒரு கூட்டம்தான். ஒவ்வொரு வீடும் வேறு விதமாக வந்தது. ஜன்னல் எங்கே, அறை எவ்வளவு பெரிது என்பதைக் குடியிருப்பவரே தீர்மானித்ததால் கட்டங்கள் ஒன்றாக இருந்தும் வீடுகள் ஒன்றாக இல்லை. யாப்பைப் பற்றி இங்கே நடக்கும் சண்டைகளில் கலந்துகொள்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இரண்டாம் கட்டத்தில் 13 வீடுகள். அவை முடிந்தது 1987-இல். சீகல் 1985-இலேயே இறந்துவிட்டார். அந்தத் தெருவுக்கு வால்ட்டர்ஸ் வே என்று பெயர் வைத்தார்கள். ஆக மொத்தம் 27 குடும்பங்கள். பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து பார்க்கும், பல புத்தகங்களில் படம் போட்ட ஒரு முறையின் கணக்கு, அது பிறந்த நகராட்சியில் 27. முறை தோற்றுவிட்டதா என்றால் இல்லை. வீடுகள் நிற்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள், சுவர்களை நகர்த்தி அறைகளைச் சேர்த்திருக்கிறார்கள். தோற்ற இடம் வேறு. 1980-களில் நகராட்சிகள் வீடு கட்டுவதும் மனை தருவதும் குறைந்தது. இருந்த வீடுகள் விற்கப்பட்டன. லண்டனில் நிலவிலை ஏறிய ஏற்றத்தில் வால்ட்டர்ஸ் வே வீடுகளும் சந்தையில் சேர்ந்துகொண்டன. முதலில் குலுக்கலில் வந்தவர்களைப் போன்ற ஒரு குடும்பம் இன்று அங்கே நுழைய முடியாது. அந்தத் தெருவில் வளர்ந்த ஒருவரின் முயற்சியில் 2009-இல் ஓர் அமைப்பு தொடங்கி, அதே லூயிஷமில் 36 வீடுகளுக்கு நிலம் கேட்டது. வேலை தொடங்குவதற்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அஸ்திவாரத்தைச் சில குழிகளாகக் குறைத்துவிட்டால் எவரும் வீடு கட்டலாம் என்று சீகல் காட்டினார். காட்டியது உண்மை. குறைக்க முடியாததாக நிலம் மிஞ்சியது. 27 வீடுகளுக்கு அதை ஒரு ஓட்டு கொடுத்தது. தோரோவுக்கு எமர்சன் கொடுத்தார். ஓரிரவில் வீடு எழுப்பியவன் தானே எடுத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டான். காலின்ஸுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவனிடம் இருந்தது பலகைதான், அதையும் 4 டாலர் 25 செண்ட்டுக்கு விற்றுவிட்டு விடியற்காலையில் மூட்டையோடு நடந்தான். எங்கே போனான் என்று 'வால்டனி'ல் இல்லை.